யார் உதவியும் இல்லாமல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஓய்வு பெற்றுப் போனவளைத் தேடிப் பிடித்து, "இளையவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம்" என்று கேட்பது நம் மறுவாழ்வு மையத்தில் வழக்கம். எழுதித் தருகிறவர்களும் பொறுமை, கனிவு, அர்ப்பணிப்பு என்று எழுதித் தருவார்கள். அதைச் சட்டம் போட்டுக் காத்திருப்போர் அறையில் மாட்டுவார்கள். இடுப்பு வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஆனையூரில் வீட்டோடு இருக்கும் எனக்கு இப்போது நேரம் நிறைய, பொறுமை முன்பைவிடக் குறைவு. அதனால் என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பிசியோதெரபி படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர் என்றால் பைக்கிலிருந்து விழுந்த இளைஞன்தான். படத்தில் கட்டுமஸ்தாக இருப்பான். பதிப்பு மாறும், அட்டை மாறும், அவனுக்கு மட்டும் வயதே ஆகாது. அவனுக்கு மாதவிடாய் நிற்காது, எலும்பு மெலியாது, தோள் தேயாது. கட்டடச் சாரம் உடைந்து விழுந்த ஒரு சித்தாள் அறுபதை நெருங்குவாள் என்றும், அப்போது அவளுக்கு வேறு விதமான வைத்தியம் வேண்டியிருக்கும் என்றும் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தோன்றவேயில்லை. பிழைக்க வைத்ததே பெரிது, கிழவியாகவும் ஆகப் போகிறாளா என்று நினைத்திருப்பார்.

அந்தச் சித்தாள்தான் முத்துப்பேச்சி. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வயல் கூலிக்குப் போன குடும்பம். கல்யாணமாகி மதுரைக்கு வந்து கட்டட வேலைக்குப் போனாள். மகள் தேன்மொழி கைக்குழந்தையாக இருந்தபோது சாரம் முறிந்து விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த நோயாளி அவள். இருவரும் சேர்ந்தே நரைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு செல்லூரில், ஒரு சந்துக்குள், தரைத்தளத்தில் இரண்டு அறை. சுற்றிலும் தறிச் சத்தம். தறியிலிருந்து துண்டுகள் மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். மிதிக்க வேண்டிய மோட்டார் தையல் மெஷின் பெடலை மேஜை மேல் ஏற்றி வைத்து, இடது முழங்கையால் அழுத்தி, துண்டுகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பாள். லோடு ஆட்டோ ஓட்டிய கணவர் நல்ல மனிதர். அவர் இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள். சமையல், துணி, குளியல் எல்லாம் அவளே. யாரும் தொடக் கூடாது. தொட வந்தால் வாயாலேயே விரட்டிவிடுவாள்.

சோகச் சித்திரம் எதையும் மனதில் வரைந்துகொள்ளாதீர்கள். முத்துப்பேச்சிக்கு வாய் நீளம், பெருமை அதைவிட நீளம். அவளுடைய பெருமைக்குக் காரணம் அவள் செய்து காட்டும் டெமோ. தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். பின்னால் சக்கர நாற்காலி. ஒரு கை நாற்காலியின் விளிம்பில், இன்னொரு கை தரையில். மூச்சை இழுத்து ஒரே எக்கு. அடுத்த நொடி நாற்காலியில் இருப்பாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பாள். சந்தில் அவள் வயதுப் பெண்கள் சேலையைத் தவிர எதுவும் உடுத்தாத காலத்திலேயே, இந்த டெமோவுக்காகச் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டவள்.

நம் மையத்துக்கு யார் வந்தாலும் காபி, வடை, முத்துப்பேச்சி என்று வரிசையாக வரும். அதிகாரி வந்தால் டெமோ. நன்கொடையாளர் வந்தால் டெமோ. புதிய மாணவர்கள் வந்தால் டெமோ. மகளிர் தின மேடை என்றால் கேட்கவே வேண்டாம். விழா நாளில் காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். தன்னம்பிக்கை விழா நடத்தும் மண்டபங்களில் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கழிப்பறை இருக்காது. மறுநாள் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடப்பாள். அதற்குக் கைதட்ட யாரும் செல்லூர் வரைக்கும் வர மாட்டார்கள்.

ஒரு நாள் வந்து, "வலது தோளு வலிக்கிது டாக்டரம்மா" என்றாள். வலிக்கிறது என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

வைத்தியம் தொடங்கியது. வேடிக்கையும் தொடங்கியது. எலும்பு டாக்டர் அவளைப் பார்க்காமல், கூட வந்த தேன்மொழியைப் பார்த்து, "இவங்களுக்கு எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். முத்துப்பேச்சி, "வாயி வேலை செய்யுது சார், என்னையவே கேளுங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஆறு வாரம் கைக்கு முழு ஓய்வு என்று சொன்னார். மற்றவர்களுக்குக் கை என்பது கை. அவளுக்குக் கால் இரண்டும் அதுதான். கட்டிலுக்கு, கழிப்பறைக்கு, நாற்காலிக்கு, எங்கே போனாலும் உடம்பு முழுவதையும் சுமப்பது அந்தத் தோள்கள்தான்.

"ஆறு வாரம் கைய ஊனாம இருந்தா, நான் பறந்தா போவேன் சார்?" என்று கேட்டாள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நம் ஆட்கள் மட்டும் என்ன, குறைச்சலா? உங்களைப் போலப் புதிதாக வந்திருந்த ஒரு தம்பி அவளைப் பரிசோதித்துவிட்டு, தோளைப் பலப்படுத்த ரப்பர் பட்டையைக் கொடுத்து இழுக்கச் சொல்லியிருந்தான். இத்தனை வருடம் தன் எடையைத் தானே தூக்கித் தூக்கித் தேய்ந்த தோளுக்கு இன்னும் வேலை கொடுக்கிறான். வலி என்றால் பலம் போதவில்லை என்று அர்த்தம், பட்டையைக் கொடுத்தால் கடமை முடிந்தது. முத்துப்பேச்சி அந்தப் பட்டையைத் துண்டு மூட்டை கட்டப் பயன்படுத்தினாள். அந்தப் பட்டைக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்கும் தோன்றவில்லை.

ஸ்கேன் எடுத்ததில் தோள்பட்டைத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. முழுதாகக் கிழிந்தால் ஆபரேஷன். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் அந்தக் கையில் எடையே போடக் கூடாது. அப்படியென்றால் செல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒத்தக்கடையில் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் இருக்கும் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு தடவை அங்கே தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டால், அப்புறம் கீழே இறங்குவது நல்ல நாள் பெரிய நாளில்தான்.

"மொட்டமாடியில காயப்போட்ட வத்தலாட்டம் நான் அங்க கெடக்கணுமாக்கும்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வழி இருந்தது. சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டாத பேட்டரி நாற்காலி. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்துச் சறுக்கிப் போக ஒரு பலகை. தரையிலிருந்து ஏறும் வேலை மட்டும் இனி அடுத்தவர் கையால். முதல் இரண்டுக்கும் சரி என்றாள். மூன்றாவதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நகரில் ஒரு சேவைச் சங்கம் பேட்டரி நாற்காலிகள் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு நான் எழுதிப் போட்டேன். தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கச் சங்கத் தலைவரே மூன்று பேரோடு நம் மையத்துக்கு வந்தார். பட்டுச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. முத்துப்பேச்சியை வரச் சொல்லியிருந்தேன். "வலியைச் சொல்லு, ஸ்கேனைக் காட்டு, வாயை மூடிட்டு இரு" என்று சொல்லிக்கூட வைத்திருந்தேன். இடையில் ஒரு போன் வந்தது, வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் உள்ளே கைதட்டல் கேட்டது.

புரிந்திருக்கும். பட்டுச் சட்டைகளைப் பார்த்ததும் பழக்கம் அவளை இழுத்திருக்கிறது. தரையில் இறங்கி உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, முழு டெமோவையும் செய்து காட்டிவிட்டாள். தலைவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவங்களுக்கு எதுக்கு மேடம் பேட்டரி? இவங்களே ஒரு பேட்டரியில்ல" என்றார்.

கூட இருந்தவர்கள் அதற்கும் கைதட்டினார்கள். நான் ஸ்கேன் படத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மனபலம் இருந்தால் போதும் என்றார். நாற்காலிக்கான பட்டியலிலிருந்து அவள் பெயர் அடிக்கப்பட்டது. பதிலுக்கு, நாற்காலி வழங்கும் விழாவில் அவளுடைய டெமோ முக்கிய நிகழ்ச்சியாகச் சேர்க்கப்பட்டது. அதாவது, மற்றவர்கள் பேட்டரி நாற்காலி வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு உற்சாகம் கொடுக்க இவள் தோளைக் கிழித்துக்கொள்வாள்.

மறுநாள் அவளைப் பார்க்கச் செல்லூருக்குப் போனேன். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை சீவாமல் உட்கார்ந்திருந்தாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேன்மொழி பக்கத்தில் நின்றாள். தாய் அதற்கும் தலையைக் காட்டவில்லை.

"ஏன் முத்துப்பேச்சி இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"தெரியல டாக்டரம்மா. அவுக பாவமா பாத்தாக. அது பொறுக்கல எனக்கு."

தேன்மொழி சீப்பை மெஷின் மேல் வைத்தாள். "ஊருல எல்லாரும் ஒங்கம்மாவுக்கு யார் ஒத்தாசையும் வேணாம்னு எங்கிட்டயே பெருமையாச் சொல்றாங்க மேடம். சின்னப் பிள்ளையிலருந்து கேட்டுட்டேன். அப்ப நான் எதுக்கு இருக்கேன்? என்னையத் தொடக்கூட விடாது. ஒத்தக்கடைக்கு வான்னு கூப்பிட்டா, நான் என்னமோ ஜெயில்ல போடக் கூப்பிட்ட மாதிரி பாக்குது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன பயிற்சி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

விழாவுக்கு அவள் போகக் கூடாது என்று நம் நிர்வாகியிடம் சண்டை போட்டேன். அப்போது இருந்த நிர்வாகி நல்லவர்தான், நன்கொடையாளர் முன்னால் மட்டும் முதுகெலும்பு கொஞ்சம் இளகிவிடும். "ஒரே ஒரு தடவை மேடம். அழைப்பிதழே அடிச்சாச்சு" என்றார். அழைப்பிதழை இன்னொரு தடவை அடிக்கலாம், தசைநாரை அடிக்க முடியாது என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவளை வர வேண்டாம் என்று நான் உத்தரவு போட்டிருக்கலாம். மருத்துவக் காரணம் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினால் முடிந்தது. எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் அவள் கையைப் பற்றி இவ்வளவு காலமாக எல்லாரும் முடிவு செய்து கொண்டிருந்தோம். கைதட்டியவர்களும் அதைத்தான் செய்தார்கள், தடுக்கப் போகும் நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். இன்னொரு எக்கு எக்கினால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். முடிவு உன்னோடது, நான் மேடையில் பக்கத்தில் நிற்பேன் என்றேன்.

"சரி, வாரேன்" என்றாள். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

விழா மண்டபத்தில் மேடைக்கு ஏழெட்டுப் படிகள். சாய்தளம் கிடையாது. யார் உதவியும் தேவைப்படாத பெண்ணை மேடையேற்ற நாலு ஆண்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தனுக்கு மூச்சு வாங்கியது. இதில் இருக்கும் வேடிக்கை அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

தரையில் விரிப்புப் போட்டு அவளை இறக்கி உட்கார வைத்தார்கள். தலைவரும் மற்றவர்களும் பின்னால் சோபாவில். நான் ஓரத்தில். தேன்மொழி கீழே முதல் வரிசையில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொகுத்து வழங்கிய பெண் குரலைத் தாழ்த்தி, "இதோ, யார் உதவியும் இல்லாமல்..." என்று ஆரம்பித்தாள். கேமராக்கள் எல்லாம் முன்னால் வந்தன.

முத்துப்பேச்சி நாற்காலியின் விளிம்பில் வலது கையை வைத்தாள். கையை எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். அவளுக்குக் கைதட்டல் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த நேரம் எனக்கு அவ்வளவு நீளமாக இருந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த மைக்கைக் குடு தாயி" என்றாள்.

"இம்புட்டு வருசமா நானே ஏறிக் காட்டுனேன். நீங்களும் கைதட்டுனீக. எந்தோளு கிழிஞ்சு போச்சு. இன்னிக்கு வேற டெமோ. ரெண்டு பேரு வந்து என்னையத் தூக்கி விடுங்க."

யாரும் அசையவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"நீங்க வேணாம் டாக்டரம்மா. ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறாக. தேனு, நீ வா மேல."

தேன்மொழி படியேறி வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பின்பக்கமாக உட்கார்ந்து அம்மாவின் விலாவைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள் முத்துப்பேச்சி. தாயின் உடம்பைப் பிடித்துப் பழக்கமில்லாத அந்தப் பெண் இரண்டு தடவை பிடியை மாற்றிப் பிடித்தாள்.

"கால் பக்கம் இன்னொரு ஆள் வேணும்" என்றாள் மைக்கில்.

கேமராக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் சங்கத் தலைவரே எழுந்து வந்தார். கேமரா இல்லாவிட்டாலும் வந்திருப்பார் என்று நினைக்கத்தான் ஆசை.

"சார், முதுக வளைக்காதீக. முழங்கால மடக்கி ஒக்காந்து தூக்குங்க" என்றாள் முத்துப்பேச்சி.

"பரவாயில்லம்மா" என்றார் அவர்.

"பட்டு வேட்டி கசங்கும்னு பாக்காதீக சார். மடக்குங்க."

அவர் மடக்கவில்லை. நின்றபடியே இடுப்பை வளைத்துக் குனிந்து, அவள் முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து, முகத்தை மட்டும் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினார். முத்துப்பேச்சி பத்திரமாக நாற்காலிக்குப் போய்விட்டாள். தலைவர் நிமிரவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். முகம் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு சிரிப்பும் போய்விட்டது.

"யாராவது புடிங்கப்பா. புடிங்க, நிமிர முடியல" என்றார்.

இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். முத்துப்பேச்சி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வெக்கப்படாமக் கேட்டீகள்ல சார். அம்புட்டுத்தேன் டெமோ."

அன்றைக்குக் கைதட்டல் இல்லை. எந்த இடத்தில் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தேன்மொழி மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அம்மாவின் கலைந்த தலைமுடியை விரலால் ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி தட்டிவிடவில்லை.

தலைவர் இரண்டு வாரம் நம் மையத்துக்குத்தான் வைத்தியத்துக்கு வந்தார். குப்புறப் படுத்து, இடுப்பில் ஒத்தடம் வாங்கிக்கொண்டே, "அந்தம்மாவுக்கு ஒரு வண்டி அனுப்பச் சொல்லிட்டேன் மேடம்" என்றார். ஸ்கேன் படம் சொல்லிப் புரியாதது சுளுக்குச் சொல்லிப் புரிந்தது. நான் ஒத்தடத்தைக் கொஞ்சம் சூடாகவே வைத்தேன்.

பேட்டரி நாற்காலி சந்துக்குள் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "என்னக்கா, கையும் போயிருச்சா?" என்று உச்சுக் கொட்டினாளாம். "போகக் கூடாதுன்னுதேன்டி இது" என்று சொல்லிவிட்டு அவள் காலை உரசுகிற மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாளாம் முத்துப்பேச்சி. ஆபரேஷன் தேவைப்படவில்லை. செல்லூர் வீட்டைப் பூட்டவும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்துத் தேன்மொழி வந்து போகிறாள். இருவரும் முன்பைவிட அதிகமாகச் சண்டை போடுகிறார்கள். தொட விட்டால் சண்டையும் வரத்தான் செய்யும்.

போன மாதம் என் மூட்டு வலிக்காக நம் மையத்துக்கு வந்திருந்தேன். வராண்டாவில் முத்துப்பேச்சி தன் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் எல்லாரும் உள்ளே ஏதோ கூட்டத்தில் இருந்தீர்கள். விழாவுக்கு இப்போதும் கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன்.

"கூப்பிடுறாக. ஆனா முன்ன மாதிரி தட்ட மாட்டேங்குறாக டாக்டரம்மா" என்றாள். அதில் அவளுக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது. "தூக்கி விடுங்கன்னு கேக்குறவளுக்கு எவன் தட்டுவான்?"

"தட்டாட்டிப் போகுது. தோள் எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

அவள் பின்னலை அவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். வலது கை நடுவில் ஒரு முறை நின்றது, பிறகு போனது. நரைத்த முடியை முறுக்கி, சுற்றி, கொண்டையாகப் போட்டாள். கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் பார்ப்பாளே, அதே மாதிரி சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தாள்.

வராண்டாவில் நான் ஒருத்திதான் இருந்தேன். தட்டினேன்.